சொற்களுக்கும் சுற்றமுண்டு

பிள்ளைக்கு வாசிக்க வந்துவிட்டதென்று நாம் உள்ளம் பூரிக்கும் வேளை, அப்பிள்ளைக்கு ஒரு சொல்லேனும் வாசிக்க வராத வேளையாகவும் இருத்தல் கூடும். இதனை நான் நூல்களிலே கற்றேனல்லேன். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்கலங்கச் செய்து கற்றேன். முப்பத்தெட்டு ஆண்டுகளைப் பாலர் வகுப்புகளிலே கழித்து, 2008ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றவள் நான். இன்றும் தாய்மாரும் இளம் ஆசிரியைமாரும் என்னிடம் வந்து, "பிள்ளை எழுத்தெல்லாம் ஒழுங்காகச் சொல்கிறான், சொல்லைக் காட்டினால் திகைத்து நிற்கிறான். என்ன செய்யலாம்?" என்று வினவுவதுண்டு. அவ்வேளைகளிலெல்லாம் அச்சிறுவனின் முகமே என்முன் வந்து நிற்கின்றது. அவன் எனக்குக் கற்றுத்தந்ததை இங்கே எழுதிவைக்க விரும்புகின்றேன்.

1970ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, ஆசிரிய கலாசாலைப் பயிற்சியை முடித்த கையோடு, வடமராட்சிக் கரையோரக் கிராமமொன்றின் சிறிய பாடசாலையிலே அரிவரி வகுப்பைப் பொறுப்பேற்றேன். ஓலை வேய்ந்த நீண்ட கொட்டகை. சுவருக்குப் பதிலாக இடுப்பளவு மண்குந்து. முற்றம் நிறைய வெண்மணல். அதன் நடுவே ஒரு பூவரசு. என் வகுப்பிலே நாற்பத்திரண்டு பிள்ளைகள். அவர்களுட் பெரும்பாலோர் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

அக்காலத்திலே நான் அறிந்த முறை ஒன்றே. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்துக்களையும் வரிசை பிறழாது ஓதுவித்தல். அதன்பின் அரிவரிப் புத்தகத்தை எடுத்து, நான் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவ்வரியைத் திருப்பிச் சொல்லுதல். நானும் அவ்வாறே படித்தவள். என் தாயாரும் அவ்வாறே படித்தவர். அதிலே குறையிருக்கக்கூடும் என்ற எண்ணம் எனக்குக் கனவிலும் தோன்றியதில்லை.

முன்வரிசையிலே ஒரு சிறுவன் இருந்தான். வெண்கல மணி போன்ற குரல். புத்தகத்தை மடியில் வைத்து, சுட்டுவிரலை வரியின்மேல் ஓடவிட்டு, தட்டுத்தடங்கலின்றி வாசிப்பான். மற்றைப் பிள்ளைகளுக்கு அவனையே எடுத்துக்காட்டாகக் கூறி வந்தேன். பங்குனி மாதத்து ஒரு நாள் முற்பகல், கடற்காற்று சற்றுக் கடுமையாக வீசிற்று. அவன் எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தான். காற்று ஏட்டைப் புரட்டிவிட்டது. அவனோ அதனைக் கவனித்தானல்லன். விரல் புதிய பக்கத்திலே ஓடிக்கொண்டிருந்தது. நா பழைய பக்கத்தையே வாசித்துக்கொண்டிருந்தது.

பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் அவனருகே சென்று, பக்கத்தின் நடுவிலிருந்த ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்றேன். அவன் விழித்தான். இன்னொரு சொல்லைத் தொட்டேன். அதற்கும் அவ்வாறே. புத்தகம் முழுவதையும் அவன் காதினாலேயே படித்திருந்தான். என் பெருமை உடைந்துபோன ஆத்திரத்திலே, "இவ்வளவு நாளும் கள்ளவாசிப்பா வாசித்தாய்? கள்ளன்!" என்று சொல்லிவிட்டேன். அவன் அழவில்லை, உதடு மட்டும் துடித்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அமர்ந்தான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், மீன் விற்றுத் திரும்பும் வழியிலே, வெறுங்கடகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவனுடைய ஆச்சி பாடசாலைப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"ரீச்சரம்மா, பொடியன் இனிப் பள்ளிக்கூடம் வரமாட்டனெண்டு நிக்கிறான். தன்னைக் கள்ளனெண்டு சொல்லிப்போட்டியளாம்."

நான் நடந்ததைக் கூறினேன். ஆச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவன் ஒண்டும் களவெடுக்கேல்லை அம்மா. காதாலை கேட்டான், வாயாலை சொன்னான். எனக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் நாலஞ்சு தேவாரம் பாடுவன். அதுவும் கேட்டுப் படிச்சதுதான். அதுவும் களவோ?"

எனக்கு மறுமொழி வரவில்லை. கேட்டுக் கற்றலைத் தமிழர் தாழ்வாக எண்ணியவர்களல்லர். திருவள்ளுவர் கல்வியின் பின்னே கேள்வி என்று தனியதிகாரமே வகுத்திருக்கின்றார். அச்செல்வம் அச்சிறுவனிடத்திலே நிறைய இருந்தது. கண்ணுக்கும் காதுக்கும் இடையே ஒரு பாலம் மட்டும் இல்லை. அப்பாலத்தைக் கட்டவேண்டியவள் நான். கட்டத் தெரியாத குற்றமும் என்னுடையதே.

அன்று மாலை ஆச்சி வீட்டிற்குப் போனேன். கடற்கரையிலே அவனுடைய அப்பு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சிறுவன் அருகிலிருந்து நூலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் வருவதை அவன் காணவில்லை. ஊசி ஏறி இறங்கும் தாளத்திற்கு ஏற்ப, அவன் ஏதோ சொல்லிச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தான். உற்றுக் கேட்டேன். "வலை, அலை, தலை, விலை; வலை, அலை, தலை, விலை." யாரும் கற்றுக்கொடுத்ததன்று, ஒன்றுக்கொன்று ஒலியொத்த சொற்களை அடுக்கிப் பார்க்கும் இன்பத்திற்காக அடுக்கிக்கொண்டிருந்தான்.

நான் மணலிலே அமர்ந்தேன். என்னைக் கண்டதும் அவன் எழுந்து அப்புவின் பின்னே ஒதுங்கினான். "தம்பி, நான் சொன்னது பிழை. நீ கள்ளனில்லை. இஞ்சை வா" என்றேன். ஒரு மாணவனிடம் நான் பிழையை ஒப்புக்கொண்ட முதல்நாள் அது. பின்பு ஓர் ஈர்க்கினால், அவன் சொன்ன நான்கு சொற்களையும் ஈரமணலிலே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்.

இங்கே இளம் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். இக்கால அச்சிலே 'லை' என்ற எழுத்தில் ஐகாரக் குறி முன்னே தனித்து நிற்கின்றது. 1978ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் பின்னரே இவ்வடிவம் பரவலாயிற்று. அதற்கு முன்னர் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் தலைமேல் யானைத் துதிக்கை போன்ற வளைவைத் தாங்கி நின்றன.

சிறுவன் நான்கு சொற்களையும் நெடுநேரம் பார்த்தான். பின்பு, "எல்லாத்துக்கும் பின்னாலை ஒரு யானை நிக்குது ரீச்சர்" என்றான்.

"அந்த யானைதான் லை. நீ சொன்ன நாலு சொல்லிலும் கடைசியாகக் கேட்டது எது?"

"லை!"

அந்த யானையின் முன்னே 'இ' என்று எழுதினேன். உயிரெழுத்துக்களின் வடிவம் அவனுக்குத் தெரியும். அவை இன்னோர் எழுத்தோடு கூடினாற் சொல்லாகும் என்பதே தெரியாது. அவன் வாய் மெல்ல அசைந்தது. "இ... லை. இலை!" பிறகு இகரத்தை அழித்து உகரத்தை எழுதினேன். "உலை!" என்று கூவினான். அப்பு ஊசியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். அவன் அன்றுதான் முதன்முதலாக வாசித்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சொற்களுக்கும் மனிதரைப்போலச் சுற்றமுண்டு. ஒருவரை அறிந்தால் அவர் உறவினரை அறிதல் எளிது என்ற எண்ணம் மனத்திலே சுழன்றுகொண்டிருந்தது. இது புதிய கருத்துமன்று. முதலெழுத்து ஒன்றிவரின் மோனை, இரண்டாமெழுத்து ஒன்றிவரின் எதுகை, இறுதி ஒன்றிவரின் இயைபு எனத் தமிழ்ச் செய்யுளிலக்கணம் வகுத்து வைத்திருக்கின்றது. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி, சொற்களை எதுகை வரிசையிலேயே அடுக்கித் தருகின்றது. யாழ்ப்பாணத்து மாணவர் அந்நிகண்டைத் தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்தார்கள். புலமைக்கு உதவிய அவ்வொழுங்கைப் பாலருக்கு உதவச்செய்ய எனக்குத்தான் தோன்றவில்லை.

ஆங்கிலப் பாலர் வகுப்புகளிலும் 'கற், பற், றற்' எனச் சொற்களைக் குடும்பமாகப் படிப்பிப்பதை அறிவேன். அம்முறையை அப்படியே தமிழிற்குப் பெயர்த்தல் தகாது. அங்கே ஓரெழுத்துப் பல ஒலி தரும். ஆகையால் இறுதிப்பகுதியை ஒரு கட்டாகப் பிடித்துக்கொள்ளுதல் உதவுகின்றது. நம் எழுத்துக்களிலே மெய்யும் உயிரும் சேர்ந்தே ஓரெழுத்தாக நிற்கின்றன. ஆகவே தமிழ்ப்பிள்ளைக்குக் குடும்பம் காட்டும்பொழுது, ஈற்றிலே ஓர் எழுத்தை நிலையாக நிறுத்தி, முன்னெழுத்தை மாற்றிக்கொண்டே போதல் வேண்டும். கண் ஒரு புதிய எழுத்தை மட்டும் பார்த்தாற் போதும். மற்றையது பழகிய முகம். சுமை குறையவே துணிவு பிறக்கும்.

அடுத்த நாள் முதல் என் வகுப்பிலே விளையாட்டுத் தொடங்கிற்று. காசு கொடுத்து வாங்கிய பொருள் எதுவும் இல்லை. பனையோலை, பழைய கொப்பி மட்டை, ஈர்க்கு, மணல், ஓட்டுத்துண்டு ஆகிய இவையே எம் உபகரணங்கள். அவ்விளையாட்டுக்களிற் சிலவற்றைத் தாய்மாரும் ஆசிரியைமாரும் இன்றும் ஆடுவிக்கலாம்.

முதலாவது, வீடு சேர்த்தல். வகுப்பின் நான்கு மூலைகளும் நான்கு வீடுகள். ஒன்றிலே 'ல்', ஒன்றிலே 'ய்', ஒன்றிலே 'ண்', ஒன்றிலே 'ளி' என்று எழுதி வைப்போம். கல், பல், நெல், வில். காய், தாய், நாய், பாய். கண், மண், பெண், விண். கிளி, துளி, புளி, உளி என ஓலைத் துண்டுகளில் எழுதி, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட வேண்டும். கைதட்டியதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் சொல்லின் ஈற்றைப் பார்த்துத் தன் வீட்டிற்கு ஓடவேண்டும். வீடு சேர்ந்ததும் உறவினர் எல்லோரும் தத்தம் பெயரை உரத்து வாசிப்பார்கள்.

இரண்டாவது, சொற்சக்கரம். கொப்பி மட்டையிலே பெரிய வட்டமொன்று வெட்டி, அதன் விளிம்பைச் சுற்றி அ, இ, உ, க, சி, த, நி, ம, வ, வி என்ற பத்து எழுத்துக்களையும் எழுதுக. மற்றொரு மட்டைத்துண்டிலே 'லை' என்று எழுதி, விளிம்புக்கு அருகே நிலையாக நிற்கும்படி வைத்து, நடுவில் ஒரு முள்ளைக் குத்தி வட்டத்தைச் சுழல விடுக. சுற்றச் சுற்ற அலை, இலை, உலை, கலை, சிலை, தலை, நிலை, மலை, வலை, விலை எனப் பத்துச் சொற்கள் பிறக்கும். ஓரெழுத்தைக் கற்றுப் பத்துச் சொல்லை வாசித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும். இவையெல்லாம் குறிலில் தொடங்குவன. இவை கைவந்தபின் ஆலை, ஓலை, காலை, சோலை, பாலை, மாலை, மூலை, வேலை என நெடிலில் தொடங்குவனவற்றுக்குச் செல்லலாம். இரண்டையும் முதல்நாளிலேயே கலந்துவிடுதல் கூடாது.

மூன்றாவது, கெந்தி விளையாட்டு. மணலிலே எட்டுக் கட்டங்கள் கீறி, ஆ, மா, வீ, கூ, கா, ஓ, நா, தோ என எழுதிவிடுவோம். எல்லாவற்றிற்கும் அப்பால் பெரியதொரு கட்டத்திலே 'டு'. பிள்ளை ஓட்டுத்துண்டை எறியும். அது விழுந்த கட்டத்திற்கு ஒற்றைக்காலாற் கெந்திச் சென்று அவ்வெழுத்தைச் சொல்லும். அங்கிருந்து 'டு'வுக்குப் பாய்ந்து முழுச்சொல்லையும் கூவும். ஆடு, மாடு, வீடு, கூடு என்று முற்றமே அதிரும்.

நான்காவது, பிறத்தியான் யார்? நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதி, உறவில்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுவோம். கல், பல், மண், நெல் என்றால் மண் பிறத்தியான். ஆயினும் அவனைத் துரத்திவிடுவதில்லை. அவனுடைய சொந்த வீடு எதுவென்று பிள்ளைகளே தேடிக் கண்ணோடும் விண்ணோடும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

ஐந்தாவது, குட்டையும் நெட்டையும். விடு-வீடு, எடு-ஏடு, கொடு-கோடு, கல்-கால், பல்-பால் எனக் குறிலும் நெடிலுமாகச் சோடி சேர்க்கும் விளையாட்டு. குறிலை வாசிக்கும் பிள்ளை குந்தியிருக்கும். நெடிலை வாசிக்கும் பிள்ளை கைகளை உயர்த்தி நிமிர்ந்து நிற்கும். இச்சோடிகளிற் சில வெறும் ஒலியுறவோடு நிற்பதில்லை. சுடு என்பது நீண்டு சூடு ஆகின்றது. கெடு என்பது கேடு ஆகின்றது. பெறு என்பது பேறு ஆகின்றது. இலக்கணகாரர் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று கூறும் இதனை, ஐந்து வயதுப் பிள்ளை பெயரறியாமலே உடம்பால் உணர்ந்துகொள்ளும்.

ஆறாவது, பொய்ச்சொல். இதனையே நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கின்றேன். சக்கரத்திலே வேண்டுமென்றே பொருந்தாத எழுத்துக்கள் இரண்டொன்றை எழுதிவிடுவேன். அவை சுழன்று வரும்போது உலகில் இல்லாத சொல் பிறக்கும். கேள்வியால் அறிந்த சொல்லைப் பிள்ளை ஊகித்துச் சொல்லிவிடக்கூடும். ஒருபோதும் கேட்டிராத சொல்லை ஊகிக்க முடியாது, வாசிக்கத்தான் வேண்டும். பிள்ளைக்கு உண்மையிலேயே வாசிக்க வந்துவிட்டதா என்பதற்கு இதனைவிட நல்ல சோதனையை நான் அறியேன். பிள்ளைகளுக்கோ அது சோதனையென்று தெரியாது; பெருஞ்சிரிப்பு மட்டுமே.

அவ்விளையாட்டின் முதல்நாள், நம் சிறுவனின் முறை வந்தபோது சக்கரம் 'பி' என்ற எழுத்திலே நின்றது. அவன் சற்றுத் தயங்கி, "பி... லை. பிலை" என்று வாசித்தான். வகுப்புச் சிரித்தது. இம்முறை அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்: "பிலை எண்டால் என்ன ரீச்சர்?"

"அப்படி ஒன்றும் இல்லை, தம்பி."

"இல்லாததை நான் எப்பிடி வாசிச்சனான்?"

கலாசாலையில் நான் படித்த உளவியற் பாடங்கள் அனைத்தும் அக்கேள்வியின் முன்னே சிறுத்துப் போயின. வாசித்தல் என்பது நினைவிலிருந்து எடுத்துச் சொல்லுதலன்று என்பதை அவன் தானே கண்டுவிட்டான். சில நாட்களின் பின், அவன் ஒரு நாய்க்குட்டி வளர்ப்பதாகவும், அதற்குப் பிலை என்று பெயர் வைத்திருப்பதாகவும் ஆச்சி சொன்னார். உலகில் இல்லாத சொல்லுக்கு அவன் ஒரு பொருளைத் தேடிக் கொடுத்துவிட்டான்.

இவ்விளையாட்டுக்களை ஆடுவிப்போர் மனங்கொள்ளவேண்டியன சில உள்ளன. தோற்றவரை விலக்கி இருத்துதல் வழக்கமான விளையாட்டு முறை. வாசிப்பு விளையாட்டிலே அது பெருந்தீங்கு. எவனுக்குப் பயிற்சி மிக வேண்டுமோ அவனே முதலில் வெளியேறி வேடிக்கை பார்ப்பவனாகிவிடுகின்றான். என் வகுப்பிலே தவறியவர் என் உதவியாளராவார். என் பக்கத்தில் நின்று அடுத்த ஓலையை என்னோடு சேர்ந்து வாசித்து, அறிவித்துவிட்டு மீண்டும் ஆட்டத்திற்குள் போவார். அதனால் தவறுதலும் ஒரு பதவியாயிற்று.

அடுத்தது, ல, ள, ழ. நம் பேச்சிலே ழகரம் பெரும்பாலும் ளகரம்போலவே ஒலிப்பதால், காதை மட்டும் நம்பும் பிள்ளை வாளையையும் வாழையையும் ஒரே வீட்டிற் குடியேற்றிவிடும். வாளை கடலிலே, வாழை தோட்டத்திலே என்று படம் வரைந்து, ஈற்றெழுத்தைக் கண்ணாற் பார்க்கப் பழக்கவேண்டும். புலி, புளி என்பனவும், வலி, வளி, வழி என்பனவும் அவ்வாறே. ஆயினும் லகரக் குடும்பம் நன்கு வேரூன்றும்வரை ளகரக் குடும்பத்தை அதனருகே கொண்டுவருதல் நன்றன்று.

பொருள் தெரியாத சொற்களைக் குடும்பத்தின் தொகையைப் பெருக்குவதற்காகத் திணித்தலும் வேண்டா. பொய்ச்சொல் விளையாட்டு அதற்கென உள்ள வேளையில் மட்டுமே. மற்றை வேளைகளில் பிள்ளையின் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் சொற்களே முதலில் வரவேண்டும். கடற்கரைப் பிள்ளைக்கு வலையும் அலையும், தோட்டத்துப் பிள்ளைக்கு இலையும் மலையும் முன்வரட்டும். நாளொன்றுக்கு ஐந்தாறு சொற்களும், கால்மணி நேரமும் போதும். ஆட்டம் முடிந்தபின், அன்றைய சொற்களை வைத்துப் பிள்ளைகளே ஒரு சிறு வாக்கியம் கூற, ஆசிரியை அதனை எழுத, எல்லோரும் வாசித்தல் வேண்டும். "மாடு வீடு வந்தது" என்ற அளவினதாயினும் அது அவர்களுடைய வாக்கியம். தனிச்சொல்லிலேயே நின்றுவிட்டால், வாசிப்பு வெறும் வித்தையாகிவிடும்.

இம்முறையின் முழுவலிமையையும் நான் அறிந்தது இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே. 1990ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்திலே கொப்பியும் பென்சிலும் அரும்பொருள்களாயின. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரை விட்டுப் பெயர்ந்தார்கள். அவர்களிற் பலர் தென்மராட்சிக்கும், சிலர் எம் பகுதிக்குமாக வந்து சேர்ந்தார்கள். பாடசாலைக் கட்டடம் குடும்பங்கள் தங்கும் இடமாயிற்று. வகுப்புப் பூவரசின்கீழ் வந்தது. புத்தகமில்லை, சிலேட்டில்லை. யார் எவ்வகுப்பு என்ற கணக்குமில்லை. மணல் மட்டும் இருந்தது.

இடம்பெயர்ந்து வந்த சிறுமியொருத்தி இரண்டு வாரமாக வாயே திறக்கவில்லை. ஒருநாள் 'டு' வீட்டின் சொற்களை மணலில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆடு, மாடு, கூடு என்று மற்றைப் பிள்ளைகள் வாசித்து வந்தார்கள். அடுத்த சொல்லை எழுதியதும், எல்லோருக்கும் முன்னதாக அவள் மெல்லிய குரலில், "வீடு" என்றாள். பிறகு, "எங்கடை வீடு சுன்னாகத்திலை" என்றாள். அதன்பின் பேசத் தொடங்கிவிட்டாள். சொல்லை விளையாட்டாகக் கற்பித்தோம். அது விளையாட்டுப் பொருளன்று என்பதை அப்பிள்ளை எனக்கு உணர்த்திற்று.

பின்னர், 1999ஆம் ஆண்டிலே நாடெங்கும் முதலாம் வகுப்பில் புதிய கல்விச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, விளையாட்டும் செயற்பாடும் எழுத்துவேலையும் இணைந்தே பாலர் கல்வி அமையவேண்டும் என்று எமக்கு வகுப்புக்கள் நடத்தினார்கள். பூவரசின்கீழ் நாங்கள் செய்துவந்தது பிழையன்று என்பதை அறிந்து மகிழ்ந்தேன். எனினும், இன்று பல இல்லங்களிலே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணி, முதலாம் வகுப்பிலேயே பிள்ளையை மேசையோடு கட்டிப்போடும் வழக்கத்தைக் காண்கின்றேன். தாய்மாரே, உங்கள் பிள்ளை சரளமாக வாசிக்கின்றதென்று மகிழுமுன்னர், ஒருமுறை நடுப்பக்கத்திலே ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் சினவாதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். சமைக்கும்போது உலையைக் காட்டி, "உலைக்கு உறவுக்காரர் யார்?" என்று கேளுங்கள். பிள்ளை இலையென்றும் மலையென்றும் சொல்லும். சொன்னதைச் சுளகிலே பரப்பிய அரிசியில் விரலால் எழுதிக் காட்டுங்கள். ஏடு தொடக்கிய நாளில் எழுதியதும் அரிசியில்தானே.

சென்ற ஆண்டு அக்கடற்கரைக்குப் போயிருந்தேன். ஆச்சியும் அப்புவும் மறைந்து நெடுங்காலமாயிற்று. அச்சிறுவனுக்கு இப்போது வயது அறுபதை எட்டிவிட்டது, தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். உள்ளிருந்து ஒரு மண்ணிற நாய்க்குட்டி ஓடிவந்தது. அதன் பின்னே அவனுடைய பேத்தி, "பிலை! பிலை!" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் சிரித்தான். "எத்தினையாவது எண்டு எனக்கே கணக்கில்லை, ரீச்சர். நாய் மாறினது, பேர் மாறேல்லை."

"பெயரை எழுதத் தெரியுமா?" என்று சிறுமியைக் கேட்டேன். அவள் ஓர் ஈர்க்கைத் தேடி எடுத்தாள். மணலிலே குந்தி, இக்கால எழுத்திலே, துதிக்கையில்லாமல், பெரிதாக எழுதினாள். எழுதி முடித்ததும் அண்ணாந்து பார்த்து, "பிலை எண்டால் என்ன, அம்மம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

"உன்ரை அப்பப்பாவைக் கேள், பிள்ளை" என்றேன்.